புற்றுநோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்த வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

காரியம் முடிந்து, வந்த சொந்தங்கள் ஊர் திரும்பிய பிறகு எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு எழும்: "அவங்க பேருல ஏதாவது செய்யணும்." கூடப் பிறந்தவர் கேட்பார், பள்ளித் தோழர் கேட்பார், அத்தை மகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறேன் என்பார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு என்ன செய்யலாம் என்று எங்களிடமும் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே மடலாக எழுதுகிறோம்.

புற்றுநோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களும் செவிலியர்களும் நாங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கடைசி ஆறு மாதத்தில் எது கிடைக்காமல் தவித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் இன்று படுத்திருப்பவருக்கும் அது கிடைக்காமல்தான் இருக்கும். அதைச் செய்யுங்கள்.

நம் நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இரண்டு அப்படி வந்தவைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த இழப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கவைத்தார். மும்பையில் மெஹர்பாய் டாட்டா 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் கணவர் தோராப்ஜி டாட்டாவின் அறக்கட்டளை 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஒரு பருத்திப் புடவையில் தொடங்கலாம்.

இறந்தவரின் துணிமணிகளை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவைப் பூட்டியே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பாய் தலையணையோடு எல்லாவற்றையும் ஆற்றங்கரையில் போட்டுவிட்டு வரும் வீடுகளும் உண்டு. நல்ல நூல் புடவையும் வேட்டியும் இருந்தால் எடுத்து வையுங்கள். மார்பகப் புற்றும் வாய்ப் புற்றும் முற்றி வெளியே வெடித்துப் புண்ணானால் அதிலிருந்து நீர் ஓயாமல் கசியும். கட்டு ஒரு நாளைக்கு ஒரு முறை, சிலருக்கு இரண்டு மூன்று முறைகூட மாற்ற வேண்டும். கடையில் வாங்கும் காஸ் துணிக்குக் கூலி வேலை செய்யும் குடும்பத்தால் மாதக்கணக்கில் செலவு செய்ய முடியாது. அதனால் ஒரே கட்டை இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார்கள். நாற்றம் வரும். பேரப்பிள்ளைகளை அறைக்குள் விட மாட்டார்கள். நோயாளியே யாரும் கிட்டே வர வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவார். வலியைவிட இது கொடுமை.

பழைய நூல் புடவை இதற்கு அருமையான துணி. பலமுறை துவைத்து மென்மையானது நன்றாக உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்தது உறிஞ்சாது, வேண்டாம். ஜரிகையையும் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கஞ்சி போகச் சோப்பில் துவைத்து அலசி வெயிலில் காயப்போடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு நான்கு மடிப்பாக வரும்படி வெட்டி, நூல் பிரியாதபடி ஓரத்தை உள்ளே மடியுங்கள். அதிகம் கசியும் புண்ணுக்கு, இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த திண்டு வேண்டும். பஞ்சை நேரடியாகப் புண்ணில் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது ரத்தம் வரும். மடித்தவற்றை ஒரு எவர்சில்வர் டப்பாவில் தளர்வாக அடுக்கி, மூடியை லேசாகத் திறந்தாற்போல் வைத்து, பிரஷர் குக்கரில் தண்ணீர் ஊற்றி, தட்டின்மேல் தண்ணீர் படாமல் டப்பாவை வையுங்கள். ஆவி நன்றாக வந்து வெயிட் போட்டபின் 30 நிமிடம். ஆறியதும் கையைக் கழுவிவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். துணி ஈரமாகவே இருந்தால் கிருமி நீங்கியது நிற்காது. அடுப்பை அணைத்த சூட்டிலேயே ஈரம் ஆவியாகட்டும். ஒரு புடவையில் நிறையக் கட்டுகள் தேறும்.

கட்டுப் போடும் முறையையும் அந்த டப்பாவோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டி, போட்டு ஆறவைத்தால் கழுவுவதற்கான உப்புநீர் தயார். பழைய கட்டை அந்த நீரால் நன்றாக நனைத்து ஐந்து நிமிடம் பொறுத்து எடுக்க வேண்டும். காய்ந்ததை இழுத்தால் புற்றுப்புண் சட்டென்று ரத்தம் கொட்டும், அது அடங்குவதும் கடினம். நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்து, கழுவிய புண்ணின்மேல் தூவிக் கட்டினால் சில நாட்களில் நாற்றம் பெரும்பாலும் அடங்கும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், விபூதி எதுவும் இந்தப் புண்ணுக்கு ஆகாது. எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது சாமான்கள். ஏர் பெட், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, வாக்கர், முதுகுத் திண்டு, சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின், சில வீடுகளில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். இவை ஒருவருக்குச் சில வாரம்தான் தேவைப்படும். பிறகு பரணில் கிடந்து ரப்பர் வெடித்து, கம்பி துருப்பிடித்து வீணாகும். நான்கு நண்பர்கள் சேர்ந்தால், இறந்தவர் பெயரில் இவற்றை இரவல் கொடுக்கும் ஓர் அலமாரி நடத்தலாம். எங்களைக் கேட்டால் இதைவிடச் சிறந்த நினைவிடம் இல்லை.

நடத்துவதற்கு அறிவும் ஒழுங்கும் வேண்டும். ஏர் பெட் திரும்பி வந்ததும் முதலில் சோப்பு நீரில் அழுக்கு போகத் துடைக்க வேண்டும். அழுக்கின்மேல் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை இறுத்து, அதால் துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் பட்டால் பிவிசி விறைத்துக் கீறும். பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டைத் திறந்தே போட்டால் வீரியம் போய்விடும். இரும்புச் சாமானில் அந்த நீரை நிற்க விட்டால் துரு ஏறும். பம்பை ஒருபோதும் நனைக்கக் கூடாது. காற்றடித்து ஒரு இரவு வைத்து, எந்தக் குமிழ் இறங்குகிறது என்று பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை உண்டு. மேலே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும் போதும்; கனத்த போர்வையும் ரெக்சினும் போட்டால் ஏர் பெட் போட்டதற்கே பயன் இல்லை. உள்ளங்கையை நோயாளியின் இடுப்புக்குக் கீழே, படுக்கைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, படுக்கைப் புண் வந்தபின் "பெட் சரியில்லை" என்று பழி வரும் வீடுகள் அதிகம்.

கான்சன்ட்ரேட்டரின் பின்பக்க ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் ஈரத்தை இழுத்துக்கொண்டு, காற்று வரும், ஆக்சிஜன் அளவு குறைந்திருக்கும். யாரும் கேட்காத மாதத்திலும் சில மணி நேரம் ஓட்டுங்கள். வருடம் ஒருமுறை ஆக்சிஜன் சதவீதத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 82க்குக் கீழே போனால் அது வேலைக்காகாது. இன்னொன்று. மூச்சுத்திணறும் எல்லாருக்கும் ஆக்சிஜன் தேவை என்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருந்தும் திணறுகிறவருக்கு முகத்தில் படும்படி வைத்த ஒரு சின்ன மேசை விசிறி நல்ல ஆறுதல் தரும். உங்கள் அலமாரியில் அதற்கும் இடம் வையுங்கள்.

சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், சக்‌ஷன் குழாய், ஊசி, நெபுலைசர் மாஸ்க் ஆகியவற்றை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. பிரிக்காத உறையில் இருந்தால், தேதி பார்த்துக் கொடுக்கலாம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி மருத்துவமனையில் ஒப்படையுங்கள். குப்பை பொறுக்கும் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவல் நோட்டில் பெயர், தொலைபேசி எண், தேதி, சாமானின் நிலை நான்கும் எழுதுங்கள். அலமாரிகள் முடங்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: நோயாளி இறந்தபின் அந்த வீட்டாருக்குச் சாமானைத் திருப்பும் நினைப்பு இருக்காது. அவர்கள் கொண்டுவரட்டும் என்று காத்திராமல், பதினாறாம் நாள் கழிந்ததும் நீங்களே போய் எடுத்து வாருங்கள். போன இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

மருந்துகளை மட்டும் அலமாரியில் வைக்காதீர்கள். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரைகள் மிச்சமானால் எண்ணி, வாங்கிய மையத்திலேயே கொடுத்து எழுதி வாங்குங்கள். வலியில் துடிக்கும் இன்னொருவருக்கு அப்படியே கொடுத்துவிடலாம் என்று மனம் சொல்லும். அது சட்டத்துக்கும் புறம்பு, ஆபத்தும்கூட. மார்ஃபின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பழகிய ஒருவருக்கு 4 மணிக்கொரு முறை தாங்கும் அளவு, புதியவரை மூச்சே மங்கும்படி மயங்கவைக்கலாம். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டையைக் கழற்றிய பிறகும் அதில் மருந்து தங்கியிருக்கும். பசை உள்ளே வரும்படி இரண்டாக மடித்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து ஒப்படையுங்கள். கேப்சைடபின் போன்ற புற்றுநோய் மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. கழிவறையிலும் குப்பையிலும் போடாமல் மருத்துவமனை மருந்தகத்தில் கொடுங்கள்.

மார்ஃபின் பற்றி நீங்கள் செய்யக்கூடிய பேருதவி வாய்ச்சொல்தான். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்திருந்து கொடுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. இருந்தும் "கடைசி மருந்து", "அடிமையாக்கிவிடும்" என்று பயந்து கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். சரியான அளவில், நேரம் தவறாமல், கூடவே மலமிளக்கியோடு கொடுத்தால் நோயாளி உட்கார்ந்து பேசுவார், சாப்பிடுவார். மலமிளக்கியை மறந்தால் மூன்றாம் நாள் வயிறு இறுகி, "இந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். மருந்தைக் குறை சொல்ல முடியாது. வலி போய் நிம்மதியாகத் தூங்கிய உங்கள் அக்காவைப் பற்றியோ நண்பரைப் பற்றியோ அந்த வீட்டில் நீங்கள் சொன்னால், மருத்துவர் சொல்வதைவிட நம்புவார்கள்.

இனி, பலருக்குத் தோன்றாத ஒரு நினைவு: காகிதத்தில் சரியாக எழுதப்படுவது. வீட்டில் இறந்தவருக்கு "மாரடைப்பு", "மூச்சு நின்றது" என்று எழுதிவிடுகிறார்கள். எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்யும், காரணம் அதுவன்று. கடைசியாகப் பார்த்த மருத்துவர் காரணச் சான்றைப் படிவம் 4ஏ-யில் எழுதித் தர வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. அதில் புற்றுநோய் இருந்த உறுப்பின் பெயர் அடிப்படைக் காரணமாக வரும்படி கேளுங்கள். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா" என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சிடப்படுவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே அதைத் தடுக்கிறது. அந்தக் காரணம் போய்ச் சேர வேண்டிய இடங்களுள் ஒன்று புற்றுநோய்ப் பதிவேடு. சென்னையில் 1981 முதல் அப்படி ஒரு பதிவேடு இயங்குகிறது. எந்த மாவட்டத்தில் எந்தப் புற்று அதிகம், எங்கே கதிர்வீச்சு இயந்திரம் வேண்டும் என்று கணக்கிட இத்தகைய பதிவேடுகளே அடிப்படை. "மாரடைப்பு" என்று எழுதப்பட்டவர் அந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடும்.

காரியம் முடிந்ததும் மருத்துவக் கோப்பை எரித்துவிடாதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட், அறுவைக்குப் பின் வந்த ரிப்போர்ட், நோய் கண்டபோது இருந்த வயது, மார்பகமென்றால் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற கட்டிச் சோதனைகளின் முடிவுகள் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள். மார்பகம், சூலகம், பெருங்குடல், கருப்பை ஆகியவற்றில் வரும் சில புற்றுகள் மரபணு வழி இறங்குபவை. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியிலும் இறங்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்று வந்தவரின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, எது முந்துகிறதோ அப்போது கொலனோஸ்கோபி, அதாவது குழாய்க் கருவியால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் மெழுகுக் கட்டியாகச் சேமித்த திசு இருந்தால், இறந்தபின்பும் அதில் மரபணுச் சோதனை செய்ய முடிவதுண்டு. தாமதிக்காமல் கேளுங்கள், கட்டிகளை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள்.

ரத்ததான முகாம் நினைவு நாளில் நிறைய நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இரத்தப் புற்றுக்காரருக்கும் கீமோ ஏறுகிறவருக்கும் அதிகம் வேண்டியது தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். அவை 5 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்தால் அடுத்த வாரம் தேவைப்படுகிறவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு பட்டியல் போடுங்கள். இயந்திரம் வழியாகப் பிளேட்லெட் மட்டும் கொடுக்க ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். எடை 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல், பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. முழு ரத்தம் என்றால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி. இருபது நண்பர்கள் வாரத்துக்கு இருவராக முறை வைத்துக்கொண்டால், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கெஞ்சும் ஒரு குடும்பத்தின் அலைச்சல் குறையும்.

அன்னதானம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீமோவில் வெள்ளணு குறைந்தவருக்கு வெட்டிய பழமும் பச்சைக் காய்கறியும் ஆறிப்போன சாதமும் காய்ச்சலைக் கொண்டுவரலாம். வாய் வெந்தவருக்குப் புளியும் காரமும் தீயாக எரியும். நோயாளிக்குக் காரமில்லாத சூடான கஞ்சி, குழைந்த இட்லி. கூட இருப்பவருக்குத்தான் நல்ல சாப்பாடு. பசியோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அவர்தான்.

பணம் சேர்ந்தால் சிகிச்சைக்கே கொடுக்க வேண்டும் என்றில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவுக்கு வழி இருக்கிறது. அதில் வராதவைதான் குடும்பத்தை நொடிக்கின்றன. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் நடக்கும். அத்தனை நாளும் தங்க இடம், சாப்பாடு, கூட வந்தவரின் போன கூலி. இவற்றைத் தாங்க முடியாமல் நாலாவது வாரத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. கதிர்வீச்சை நடுவில் விட்டால் கட்டி மறுபடி வளரும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து, ஒரு நோயாளியின் தங்கும் செலவை முதல் நாள் தொட்டு முடியும் நாள்வரை ஏற்றுக்கொள்ளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதமும் உண்டு. மருத்துவமனை தரும் படிவம் இருந்தால் போதும். அந்தப் படிவத்தை வாங்கித் தருவதே ஓர் உதவிதான்.

கடைசியாக, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவருக்கு. மனைவியோ மகளோ தம்பியோ, புண் கழுவவும் குழாய் வழி கஞ்சி கொடுக்கவும் முழுதாகக் கற்றுக்கொண்டவர் இப்போது நீங்கள். இன்னொரு வீட்டுக்குப் போய் உதவ வேண்டும் என்று உடனே மனம் துடிக்கும். ஓராண்டு பொறுங்கள். சீக்கிரம் போனால் அங்கே படுத்திருப்பவரிடம் உங்கள் ஆளையே பார்ப்பீர்கள். அவருக்கு வேண்டியதைக் கேட்கத் தோன்றாது, நீங்களும் உடைந்துபோவீர்கள். அதுவரை துணி வெட்டலாம், இரவல் நோட்டு எழுதலாம், தொலைபேசியில் பேசலாம். ஓராண்டு கழித்து உங்கள் வட்டார அரசு மருத்துவமனையிலோ, மக்களைத் தேடி மருத்துவம் குழுவிலோ வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் யார் என்று விசாரித்து, முதல் சில முறை அவரோடு சேர்ந்தே போங்கள். கற்றதைக் காட்டுவதற்கு முன், அந்த வீட்டில் இரவில் யார் கண்விழிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வீடு தேடிச் சென்று புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களும் செவிலியர்களும்